சதுரங்க விழாவின் வரவும் செலவும்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர் பெரியோர். நம் கடற்கரையில் உலகமே கூடி ஒரு தேர் இழுத்தது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை நடைபெற்ற 44ஆவது செஸ் ஒலிம்பியாடே அது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. ஊர்ப் பெயரிலேயே சதுரங்கத்தைச் சுமந்து நிற்கும் சதுரங்கப்பட்டினத்து மாணவியராகிய நாம், அவ்விழாவினால் நமக்குக் கிடைத்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பது கடமையன்றோ?

முதலில் முடிவுகளைக் காண்போம். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானின் இளைஞர் அணி தங்கம் வென்றது. அர்மீனியா வெள்ளியும், இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலமும் பெற்றன. அவ்வணியின் முதல் பலகையில் ஆடிய சென்னைச் சிறுவன் குகேஷ், தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று தனிநபர் தங்கம் பெற்றான். அப்போது அவனுக்கு வயது 16. நம்மைவிட ஒரு வயதே மூத்தவன்! பெண்கள் பிரிவில் உக்ரைன் தங்கமும், ஜார்ஜியா வெள்ளியும், இந்தியாவின் முதல் அணி வெண்கலமும் வென்றன. ரஷ்யாவில் நடக்கவிருந்த இப்போட்டி இங்கு வந்ததே உக்ரைன் போரினால்தான். அப்போரில் துன்புற்ற நாட்டின் பெண்களே தங்கம் வென்றனர் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் உருகுகிறது.

இனி வரவு செலவுக்கு வருவோம். தமிழக அரசு இவ்விழாவுக்கு 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெண்கலம் வென்ற இரு இந்திய அணிகளுக்கும் தலா ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. விருந்தினர் தங்கிய விடுதிகளுக்கு நல்ல வருவாய் கிடைத்திருக்கும். ஆனால் கல் சிற்பம் விற்பவருக்கும், கடற்கரையில் சுண்டல் விற்கும் சிறுவனுக்கும் எவ்வளவு கிடைத்திருக்கும்? பதினொரு சுற்றுகளில் கடைசியைத் தவிர மற்றவை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கின. ஓர் ஆட்டம் நான்கைந்து மணி நேரம் நீளும். முழு ஓய்வு நாள் ஆகஸ்டு 4 ஒன்றே. அரங்கிலும் விடுதியிலும் பொழுதைக் கழிக்கும் ஆட்டக்காரர் கடைவீதிக்கு வருவது அரிது. ஆகவே, விழா நாட்களின் வியாபாரத்தை மட்டும் கணக்கிட்டால் சிறியோர் பங்கு சிறிதே.

அப்படியானால் செலவிட்ட பணம் வீணா? இல்லை என்பதே எங்கள் கருத்து. தேர் நிலைக்கு வந்தபின் எஞ்சுவதே உண்மையான வரவு. 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆனார். நம் மண்ணில் ஊன்றிய ஊக்கத்திற்கும் அவ்வெற்றிகளில் பங்குண்டு என நம்புகிறோம்.

ஆயினும் அவ்வூக்கம் பூஞ்சேரிக்குப் பக்கத்துக் கிராமங்களில் வேரூன்ற வேண்டாமா? பெரிய விடுதி நம் ஊருக்கு வராது. ஆனால் ஒரு சதுரங்கப் பலகை வரலாம். அதன் விலை ஒரு பாவாடைத் துணியின் விலைகூட ஆகாது. மைதானம் வேண்டாம், மழையும் தடையாகாது. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குமாறு நம் அன்புக்குரிய அருட்சகோதரியரை வேண்டுகிறோம்.

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். ஆண்பிள்ளை ஆடினால் திறமை என்கிறோம். பெண்பிள்ளை பலகை முன் அமர்ந்தால் பாத்திரம் துலக்க அழைக்கிறோம். வெண்கலம் வென்ற மகளிர் அணியில் ஆடிய ஹரிகா, அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அதே அணியின் வைஷாலி நம் சென்னைப் பெண். அவர்களுடைய வீட்டார் துணை நின்றதால் அன்றோ அவர்கள் அங்கே அமர முடிந்தது?

தோழியரே, சதுரங்கத்தில் மிகச் சிறிய காய் சிப்பாய். அது கடைசிக் கட்டத்தை அடைந்தால் ராணியாகிறது. அதற்குத் தேவை முன்னேற வழி மட்டுமே. அவ்வழியை நம் ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிட்டால், 92 கோடிக்கும் வட்டியோடு வரவு வந்துசேரும்!