கியர் பாக்ஸை இறக்கும் முன்

பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது பட்டறைகளுக்கு அதிகம் வருகின்றன. காலையில் ‘டி’யில் போட்டால் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுப்பதில்லை. ரிவர்ஸ் போட்டால் ‘டொம்’ என்று ஓர் அடி. உரிமையாளருக்குக் கிடைக்கும் பதில் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: “கியர் பாக்ஸ் போச்சு சார். அசெம்பிளியா மாத்திடலாம்.” அதற்குக் கேட்கப்படும் தொகை, சில வேளை அந்தக் காரை விற்றால் வரும் பணத்தையே நெருங்கிவிடும்.

கியர் பாக்ஸ் உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால், அப்படிச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. வெளியே இருப்பதும் செலவு குறைந்ததும் முதலில், கழற்ற வேண்டியது கடைசியில். அந்த வரிசையைத் தாண்டிக் குதித்துப் பாக்ஸை இறக்குகிறவர், தன் ஊகத்துக்கு உரிமையாளரிடம் பணம் வாங்குகிறார். இதை நாம் வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டது எனக்கு வேதனை தருகிறது.

முதலில், எந்த வகை பாக்ஸ் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ‘ஆட்டோமேட்டிக்’தான். 2014இல் மாருதி செலேரியோவுடன் பரவலான ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர் பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவியைப் பொருத்தியது. சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது, பெல்ட்டும் புல்லியும்தான். இரட்டை கிளட்ச் வகை வேறு. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்குச் சேராது. நான் இங்கே பேசுவது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய நான்கு, ஐந்து கியர் பாக்ஸைப் பற்றி.

அந்தப் பாக்ஸுக்குள் எல்லாவற்றையும் செய்வது ஆயில்தான். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துப் பக்கம் கடத்துவது, கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவது எல்லாம் அதே ஆயில். எந்தக் கிளட்சுக்கு எப்போது அழுத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வால்வு பாடியைத் திறந்து பார்த்தால், எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியதுபோல வளைந்து வளைந்து போகும் வழிகள். அதில் ஒரு வால்வு சிக்கினாலும் கியர் தவறும். ஆகவே, சோதனை ஆயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆயில் அளவைப் பார்ப்பதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். பல கார்களில் ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவு பொய் சொல்லும். பொய்யான அளவை நம்பி மேலே ஊற்றினால் ஆயில் நுரைத்து அழுத்தம் விழும். குறைவாக இருந்தாலும் அதேதான். வகையும் முக்கியம். உரிமையாளர் கையேட்டில் சொன்ன ரகத்தை விட்டு, டின்னில் ‘ஏடிஎஃப்’ என்று எழுதியிருப்பதை எல்லாம் ஊற்றக் கூடாது. கிளட்ச் தட்டு எந்த அளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆயிலின் சேர்க்கைப் பொருட்களைப் பொறுத்தது.

‘ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லாத ஆயில்’ என்ற பேச்சு நிறையப் பாக்ஸ்களைக் கொன்றிருக்கிறது. பெரிய கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பயம்: “பழைய வண்டிக்குப் புது ஆயில் போட்டால் பாக்ஸ் போயிடும்.” போனது உண்மையாக இருக்கும், காரணம் வேறு. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலோர் ஆயிலை மாற்ற வருகிறார்கள். சாகக் கிடந்த பாக்ஸுக்குக் கடைசியாகச் செய்த வேலை ஆயில் மாற்றம் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. இப்படிப்பட்ட வண்டியில் மெஷின் வைத்து முழுவதும் தள்ளிக் கழுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கீழ் பிளக்கைத் திறந்தால் பொதுவாகப் பாதிக்கும் குறைவாகவே வடியும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். வடித்து நிரப்பி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புவது நிதானமான வழி.

ஆயில் சரியாக இருந்தால் அடுத்தது மின்சாரம். பேட்டரி வலுவிழந்தாலோ, பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்தாலோ கியர் கண்டபடி மாறும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் பிசகினால் கியர் மாறும் நேரம் தப்பும். பாக்ஸ் ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றில், நின்றுவிட்டால் அதை உடைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது; கணினி ஏதோ தவறைக் கண்டு, வீடு போய்ச் சேரும்படி பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ஸ்கேனரில் ‘பி0700’ வந்ததும் பாக்ஸ் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறியீட்டின் பொருள், கியர் பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு காத்திருக்கிறது, அதைப் போய்ப் படி என்பது மட்டுமே. படித்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் ஒரு சோலனாய்டாக இருக்கலாம், வேக சென்சாராக இருக்கலாம், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் ஒரு பாக்ஸ் வாங்கி மாட்டினால், அதே கோளாறு மறுநாளே திரும்பி வரும்.

கியர் போட்டதும் விழும் அடிக்கு எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிந்ததே பல நேரம் காரணம். ஐம்பது, அறுபது கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது கரடுமுரடான சாலையில் போவதுபோல நடுங்கினால், காலியான சாலையில், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டுப் பாருங்கள். நடுக்கம் உடனே நின்றால் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பக்கம் தேட வேண்டும். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கீழ்த்தட்டைத் திறப்பது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. மின்னும் உலோகத் துணுக்குகள், கருகிய வாசனை, கரி போன்ற துகள் இருந்தால் உள்ளே தேய்மானம் உறுதி. ஆயில் ஸ்ட்ராபெரி பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கும், அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களை ஸ்டார்ட் செய்தே பட்டறைக்கு ஓட்டி வந்தவர்கள், காப்பாற்றியிருக்கக்கூடிய பாக்ஸ்களை இழந்தார்கள். கிளட்ச் தட்டின் பூச்சைத் தண்ணீர் பெயர்த்துவிடும். அழுத்தமானி வைத்து லைன் பிரஷர் பார்க்கும் சோதனையையும் ஸ்டால் சோதனையையும் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனையில் ஐந்து நொடியைத் தாண்டினால் சோதனையே பாக்ஸைக் கெடுக்கும்.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அழுத்த அளவுகளும் ஒயரிங் படங்களும் கியர் பாக்ஸ் கணினியைப் படிக்கும் ஸ்கேனர்களும் தனிப் பட்டறைக்கு எளிதில் கிடைப்பதில்லை. உதிரி பாகங்களையும் இந்தக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் குறித்து மேல்முறையீடுகள் நடந்தன. 2022இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான குழுவை அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஆனால், விற்பனை நிறுத்தப்பட்ட மாடலின் வால்வு பாடி படத்தை ஒரு சிறு பட்டறைக்காரர் சட்டப்படி கேட்டு வாங்கும் நிலை இன்னும் வரவில்லை. உற்பத்தி நின்ற மாடல்களின் பழுதுநீக்கக் கையேடுகளையாவது நிறுவனங்கள் பொதுவில் வெளியிட வேண்டும். அதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

உரிமையாளர்கள் ஒன்று செய்யலாம். பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், ஆயில் அளவும் நிறமும், ஸ்கேனரில் வந்த எல்லாக் குறியீடுகளும், பேட்டரி வோல்ட்டேஜ், லைன் பிரஷர் அளவு ஆகியவையும் எழுதிய தாளைக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். அரசு ஐடிஐகளின் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்கும் பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ்கள் போய்ச் சேர வேண்டும். உடைப்புக்குப் போகும் கார்களிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. பதினெட்டு வயதுப் பையன் தன் கையால் ஒரு முறை பிரித்துக் கோர்த்துவிட்டால் போதும், பாக்ஸ் போச்சு என்று பார்த்தவுடனே சொல்ல அவனுக்கு வாய் வராது.

– கட்டுரையாளர், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பழுதுநீக்கத்தில் பயிற்சி அளிக்கும் இயந்திரப் பொறியாளர்.