பரிவு அன்று, பருவம்

தரங்கம்பாடியைப் பற்றி எழுத வருபவர்கள் மூன்று செய்திகளைத் தாண்டிச் செல்வதில்லை. 1620இல் டேனியர் வந்து கோட்டை எழுப்பியது. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கியதும் அதைத் தொடர்ந்து அமைந்த தமிழ் அச்சுக்கூடமும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தது. இலக்கிய அன்பர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். அச்சுக்கூடத்தைப் பற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் பேசுவோம். ஆனால் மாலையில் கடற்கரையில் பந்தை உதைக்கும் இளைஞன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான், அவனுடைய அணி இவ்வாண்டு எத்தனை ஆட்டங்கள் ஆடியது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்போம். நம் கல்லூரிக் கால்பந்து பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பது. கல்லூரிகள் மண்டல வாரியாக மோதும். அவற்றிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கே முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. ஏணி நன்றாகத்தான் இருக்கிறது, முதற்படியில்தான் கோளாறு. 16 அணிகள் கலந்துகொள்ளும் ஒரு நாக் அவுட் போட்டியில் மொத்தமே 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு ஊர் திரும்பும். விடியலில் எழுந்து ஓடியது, முழங்காலைத் தேய்த்துக்கொண்டது, வகுப்பில் வசை வாங்கியது எல்லாம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துபோகும். அதற்குப் பெயர் சீசனாம்!

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைத்த மறுவாரமே அறுவடைக்கு ஆள் தேடும் உழவர் எவரும் இங்கே இல்லை. குறுவைக்கு இத்தனை நாள், சம்பாவுக்கு இத்தனை நாள் என்று கணக்கு வைத்திருக்கும் மண் இது. பந்தாட்டக்காரனுக்கு மட்டும் ஏன் ஒரு பருவம் இல்லை?

உடனே ஒரு குரல் எழும்: “கடலோரப் பிள்ளைகள் சாதிக்கவில்லையா? கடலூரைப் பாருங்கள்!” பார்ப்போம். நாங்கள் சொல்ல வந்ததற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

இதே கடற்கரையில் வடக்கே இருக்கும் கடலூரில், ஆழிப்பேரலைக்குப் பின், அரசு இல்லத்தில் வளர்ந்த சிறுமியருக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்பித்தார். அவர் வளர்த்தெடுத்த இந்திரா காந்தி விளையாட்டுக் கழக அணி 2018இல் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், மகளிர் கால்பந்தை நெடுங்காலம் ஆண்டுவந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார்; இந்திய அணியிலும் ஆடினார். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் கோப்பையைப் பெற்றது.

இவ்வளவுக்கும் நம் ஏடுகள் இட்ட தலைப்பு என்ன? ‘சுனாமிப் பெண்கள்.’ அவர்களுள் சுனாமியால் பாதிக்கப்பட்டவரும் உண்டு, வறுமையால் இல்லத்திற்கு வந்தவரும் உண்டு. ஏடுகளுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, கண்ணீர் தேவைப்பட்டது. கோல் அடித்தவளின் இடக்காலைப் பற்றி ஒரு வரி இராது, இழப்பைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். துயரம் கோல் அடிப்பதில்லை, ஐயா! துயரம் மட்டுமே போதுமென்றால் நாகப்பட்டினம் முதல் தரங்கம்பாடி வரை ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் ஓர் இந்திய அணி புறப்பட்டிருக்க வேண்டும். அப்பெண்களை உயர்த்தியவை ஆண்டுக்கணக்கான அன்றாடப் பயிற்சியும், ஒன்றில் தோற்றாலும் அடுத்ததை ஆடக் கிடைத்த ஆட்டங்களுமே. அதைத்தான் பருவம் என்கிறோம்.

இப்போது எங்கள் கோரிக்கை. பொறையாற்றில் த.பே.மா.லு. கல்லூரி, மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, மேலையூரில் பூம்புகார் கல்லூரி என ஒரே மயிலாடுதுறை மாவட்டத்திற்குள், காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் கல்லூரிகள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தைப் பொங்கல் முடிந்து பங்குனி வரை, சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் வையுங்கள். ஒருமுறை நம் திடலில், ஒருமுறை அவர்கள் திடலில். மகளிர் அணிகளுக்கும் அவ்வாறே. 16 அணிகள் சேரும் இடத்தில் நான்கு நான்காகப் பிரித்து லீக் ஆடவிட்டு, அதன்பின் காலிறுதி வைத்தால் 15 ஆட்டங்கள் 31 ஆகும். எந்த அணியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடும். கூடுதல் செலவு பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் நடுவர் படியும்தான்.

“படிப்பு கெடும்” என்பீர்கள். நாள்கணக்கில் வெளியூரில் தங்கவைக்கும் போட்டிகளைவிட வாரம் ஒரு சனிக்கிழமை எந்தத் தேர்வைக் கெடுத்துவிடும்? “முதலமைச்சர் கோப்பை இருக்கிறதே” என்பீர்கள். இருக்கட்டும், நன்று. ஆனால் கோப்பைப் போட்டி அறுவடைத் திருநாள். நாங்கள் கேட்பது நாற்றங்காலை.

இறுதியாக, எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று. மலையாளத்தில் என்.எஸ். மாதவன் கொலம்பிய கோல்காவலர் ஒருவரின் பெயரைத் தலைப்பாக்கி ‘ஹிகுவிட்டா’ எழுதினார். அது அம்மொழியின் புகழ்பெற்ற சிறுகதைகளுள் ஒன்றாயிற்று. அங்கே எழுதுபவன் திடலுக்குப் போகிறான். நாம் திடலைக் கடந்து நூலகத்திற்குப் போகிறோம். பந்து உதைக்கும் பையனைப் படிப்பு வராதவன் என்று கருதும் கல்லூரியின் ஏளனம் நம் எழுத்திலும் படிந்திருக்கிறது. முதலில் அதைக் கழுவுவோம்.

அடுத்த முறை தரங்கம்பாடிக்கு வரும் அன்பர்கள் கோட்டையைப் பாருங்கள், தடுக்கவில்லை. பிறகு ஒரு மாலை, திடலின் ஓரத்தில் நில்லுங்கள். யார் ஆடுகிறார்கள், யார் வென்றார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எழுதிவைக்க ஆளில்லாத வரை, அங்கே ஓர் அணி இருந்தது என்பதற்கே சாட்சி இராது.