குழந்தையின் பை சலுகை அல்ல

"உந்தப் பச்சைக் குழந்தையளை ஏனடா பிளேனில கொண்டு வருதுகள்?"

எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி தன் நண்பனிடம் கேட்ட கேள்வி இது. அவனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எங்களுக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்தானோ, விளங்கட்டும் என்றே சொன்னானோ தெரியாது. என் மடியில் ஏழு மாத மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். விமானம் இன்னும் தரையை விட்டு எழும்பவே இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். தம்பி, இது உனக்கும், உன் வயதில் இதை வாசிக்கிற எல்லாருக்கும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

லண்டனில் இருந்து ஜேர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே பெரியம்மா வீட்டில் அம்மம்மா இருக்கிறா. அவவுக்கு எண்பத்தாறு வயது. இனி அவவால் பறக்க முடியாது. பூட்டப்பிள்ளையை ஒருமுறை கையில் தூக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தா. அதனால் ஒரு மலிவு விமானத்தில் டிக்கெட் போட்டோம். எனக்கும் கணவருக்கும் ஆளுக்கு 20 பவுண்டுக்கும் குறைவு. மடியில் வரப்போகிற மகளுக்கு 25 பவுண்ட். இருக்கை உள்ளவர்களைவிட இருக்கை இல்லாதவளுக்குக் கூடக் காசு. சரி, கட்டினோம்.

குழந்தைக்கென்று ஒரு சிறு பை கொண்டுவரலாம் என்று விதியில் இருந்தது. அதை நம்பித்தான் அடுக்கினேன். நான் பொறியியல் படித்தவள். கணக்குப் பார்க்காமல் எதையும் அடுக்க மாட்டேன். வீட்டு வாசலில் இருந்து பெரியம்மா வீட்டு வாசல் வரை எட்டு மணி நேரம். மூன்று மணிக்கு ஒரு தடவை பால் என்றால் மூன்று போத்தல். தாமதத்துக்கு இன்னும் இரண்டு. ஒரு போத்தலுக்கு 180 மில்லி லீட்டர் தண்ணீர் வீதம் 900 மில்லி லீட்டர். அளந்து வைத்த பால்மா, எட்டு நப்பி, இரண்டு சோடி உடுப்பு, துடைதாள், ஒரு போர்வை, காய்ச்சல் மருந்து. எல்லாம் சேர்த்து நாலரைக் கிலோ வந்தது. இதில் ஆடம்பரம் எது என்று நீயே சொல்லு.

பாதுகாப்புச் சோதனையில் பிரச்சினை இல்லை. குழந்தையின் பால் என்று சொன்னதும் போத்தல்களைத் தனியாக எடுத்துச் சோதித்து, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்கள்.

பிரச்சினை விமானத்தில் ஏறும் வாசலில்தான் வந்தது. பையை அளக்கிற பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். சுடுதண்ணீர்க் குடுவையின் மூடி மூன்று சென்ரிமீற்றர் வெளியே நின்றது. "இது பெரிசு. கட்டணம் கட்ட வேண்டும். பை அடியில் போகும்" என்றார் ஊழியர். குழந்தையின் பால் என்றேன். "விதி விதிதான்" என்றார். பின்னால் நீண்ட வரிசை. காட்டைத் தட்டிக் காசைக் கட்டிவிட்டு, அவசரத்தில் பையிலிருந்து ஒரேயொரு போத்தலை மட்டும் உருவி எடுத்தேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம்தானே, போதும் என்று நினைத்தேன். காசையும் வாங்கி, பையையும் வாங்கிக்கொண்டார்கள்.

அதே வாசலால் எனக்கு முன்னே ஒருவர் தீர்வையில்லாக் கடைப் பையில் இரண்டு விஸ்கிப் போத்தல்களோடு போனார். அந்தப் பையை யாரும் அளக்கவில்லை. விமானநிலையக் கடையில் வாங்கிய பை ஒன்றை மேலதிகமாகக் கொண்டுபோகலாம் என்று விதியே இருக்கிறதாம்.

கதவைப் பூட்டிய பிறகு விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் தரையில் நின்றது. முதல் மணி நேரத்திலேயே அந்த ஒரு போத்தல் முடிந்தது. பிறகு நப்பி நிறைந்தது. மீதிப் பாலும் நப்பியும் எங்கள் காலுக்குக் கீழே, சில அடி தூரத்தில், பூட்டிய கிடங்கில் கிடந்தன. விமானப் பணிப்பெண் நல்ல பிள்ளை. முகம் வாடிப்போய், "கிடங்கைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்றாள். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் நப்பி ஒன்றைத் தந்தா. பாலுக்கு வழியே இருக்கவில்லை.

தம்பி, நீ வாய் திறந்தது அப்போதுதான்.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஏன் கொண்டு வருகிறோம்? எங்கள் குடும்பங்கள் ஒரு ஊரில் இல்லை. ஒரு சித்தப்பா பரிசில், ஒரு மாமி ரொறன்ரோவில், அம்மம்மா ஜேர்மனியில். மற்றவர்கள் நடந்து போய்ப் பார்க்கிற உறவை நாங்கள் பறந்து போய்த்தான் பார்க்க வேண்டும். நீயும் இப்படி யாரோ ஒருவரின் மடியில், யாரோ ஒருவரின் பொறுமையில் பறந்து வந்தவன்தான். கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்று எதற்கும் குழந்தையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடியாது.

"விதி தெரிந்துதானே வந்தீர்கள், மூன்று சென்ரிமீற்றர் உங்கள் பிழைதானே" என்று சிலர் கேட்பார்கள். ஓம், அது என் பிழைதான். 189 இருக்கை உள்ள விமானத்தில் 189 சக்கரப் பெட்டிகளை மேலே வைக்க இடம் போதாது என்பதும் எனக்குத் தெரியும். பெரியவர்களின் பெட்டிகளைக் கட்டுப்படுத்தட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் மகளின் பை மேலே வைக்கிற பெட்டி அல்ல. அது என் காலடியில் இருக்க வேண்டிய பை. விஸ்கிக்கு இடம் இருக்கிற விமானத்தில் பாலுக்கு இடம் இல்லை என்றால், பற்றாக்குறை இடத்தில் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் என்று நினைக்கிறாயா? ஒரு பழைய நாளை நினைவுபடுத்துகிறேன். 2006 ஆகஸ்ட் 10. அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கிற சதியைப் பிரித்தானியப் பொலிஸ் முறியடித்ததாக அறிவித்த நாள். அன்று காலை பிரித்தானிய விமானநிலையங்களில் கைப்பொதியே கூடாது என்றார்கள். கடவுச்சீட்டு, பணப்பை போன்ற ஒரு சில பொருட்களை மட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகலாம். தொலைபேசி கூடாது. தண்ணீரும் கூடாது. ஆனால் அன்றைக்கும் குழந்தையின் பாலுக்கும், பயணத்துக்குத் தேவையான நப்பிக்கும் துடைதாளுக்கும் அனுமதி இருந்தது. பாலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கூட வருகிற பெரியவர் ஒவ்வொரு போத்தலையும் சுவைத்துக் காட்ட வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் 100 மில்லி லீட்டர் விதி வந்தபோதும், பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கு விலக்கு அளித்தார்கள்.

யோசித்துப் பார். நாடே பயந்து நடுங்கிய நாளில், எல்லாவற்றையும் தடைசெய்த அரசு குழந்தையின் பாலைத் தடைசெய்யவில்லை. பயம் விட்ட பாலை வியாபாரம் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குக் கோபம் இதில்தான்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? கொஞ்சம் சொல்லியிருக்கிறது. 2014 செப்டெம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு என்னவோ கிடங்கில் ஏற்றும் பெட்டிக்கான கட்டணம் பற்றியது. ஆனால் போகிற போக்கில் நீதிமன்றம் கைப்பொதியைப் பற்றியும் சொன்னது: கைப்பொதி பயணத்தின் இன்றியமையாத பகுதி, எடையும் அளவும் நியாயமான வரம்புக்குள் இருந்து, பாதுகாப்பு விதிகளுக்கும் பொருந்தினால் அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. 2024 நவம்பரில் ஸ்பெயினின் நுகர்வோர் அமைச்சு ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. சொன்ன காரணங்களில் கைப்பொதிக் கட்டணமும் ஒன்று. நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சிறு பையும் 7 கிலோ வரையிலான ஒரு கைப்பெட்டியும் இலவசமாக இருக்க வேண்டும் என்று வாக்களித்தது. குழுவின் வாக்கு சட்டம் ஆகாது. ஆனாலும் அது ஒரு தொடக்கம்.

எல்லாரும் "நியாயமான அளவு" என்கிறார்கள். யாருக்கு நியாயம்? மென்பொருள் வேலையில் நாங்கள் முதலில் எழுதுவது, இதைப் பாவிக்கப் போகிறவர் யார் என்பதைத்தான். இந்த விதிகளை எழுதியவர்கள், தனியாகப் பறக்கிற, பசித்தால் காசு கொடுத்து சாண்ட்விச் வாங்குகிற ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். தாமதமானால் அவர் சமாளிப்பார். ஏழு மாதக் குழந்தையால் சமாளிக்க முடியாது. அதன் உணவு அந்தப் பைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று: மடிக்குழந்தைக்குக் கட்டணம் வாங்கினால், அதற்கென்று ஒரு பை, பெற்றோரின் பைக் கணக்கில் சேராமல், காசில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு: பை அளவு மீறினாலும் பால், உணவு, நப்பி, மருந்து ஆகியவற்றைக் குழந்தையிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிரிக்க வேண்டி வந்தால், முதலில் தேவையானதை எடுக்க நேரம் கொடுக்க வேண்டும்.

மூன்று: இது நிறுவனத்தின் தயவாக இருக்கக் கூடாது, சட்டமாக இருக்க வேண்டும். எத்தனையோ நிறுவனங்கள் குழந்தைக்குப் பை அனுமதிக்கின்றன, வண்டிலை இலவசமாக ஏற்றுகின்றன. நன்றி. ஆனால் ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு எடை. தந்தவர் நினைத்தால் திருப்பி எடுக்கக்கூடியது உரிமை ஆகாது.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால், இதை லண்டனிலும் கேட்க வேண்டும், பிரசெல்ஸிலும் கேட்க வேண்டும். உங்களுக்கு வாக்கு இருக்கிறது, மொழி இருக்கிறது. எங்கள் அம்மா, அப்பாவுக்கு ஆங்கிலத்திலோ ஜேர்மன் மொழியிலோ ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாது; வாசலில் கேட்ட காசைக் கட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். உனக்கு எழுதத் தெரியும். உன் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பத்து வரி எழுது. அக்கா குழந்தையோடு பறக்கிறா என்றால், விதியில் குழந்தைக்கான பகுதியைப் படம் பிடித்து அவவுக்கு அனுப்பு. இரண்டு போத்தலையும் இரண்டு நப்பியையும் ஒரு துணிப்பையில் தனியாக வைக்கச் சொல்லு. பையைப் பறித்தாலும் அது கையில் இருக்கும். நான் பட்டுத்தான் படித்தேன்.

அன்று அம்மம்மா வாசலிலேயே காத்திருந்தா. மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளை வாற வழியில அழுதவளோ?" என்று கேட்டா. "கொஞ்சம்" என்று சொன்னேன். அவவுக்கு ஏன் அந்தக் கதை?

ஆனால் தம்பி, உனக்கு அந்தக் கதை தேவை. அடுத்த முறை விமானத்தில் ஒரு குழந்தை அழுதால் தாயை முறைக்காதே. அதன் பை எங்கே என்று கேள்.