தலையெழுத்தும் சிகரெட்டும்

"வம்சத்து வியாதி, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். "எல்லாம் அவனவன் பழக்கத்தால் வந்தது" என்று மற்றொரு சாரார் நோயாளியையே குற்றவாளியாக்குகிறார்கள். நம்மைக் கேட்டால் இரண்டும் அரைகுறைப் பேச்சே என்போம். குடல் அழற்சி நோயை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இது முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, 1932-இல் நியூயார்க்கில் குரோன் என்ற வைத்தியரும் சகாக்கள் இருவரும் விவரித்த குரோன் நோய். அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடற்சுவரை ஆழமாக அரிக்கும். மற்றது, பெருங்குடலின் உட்தோலைப் புண்ணாக்கி இரத்தமும் சீதமுமாகப் போகவைக்கும் பெருங்குடல் புண் நோய்.

2001-இல் நாட்-2 என்ற ஜீனுக்கும் குரோன் நோய்க்கும் உள்ள சம்பந்தம் வெளியாயிற்று. குடலில் கிருமிகளை அடையாளங்காணும் ஜீன் அது. பழுதான பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் ஆபத்து இருபது மடங்குக்குக் குறையாமல் ஏறுகிறது. "பார்த்தீர்களா, தலையெழுத்து!" என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. ஐரோப்பியரிடம் காணும் அந்தப் பழுதுகள் ஜப்பானிய நோயாளிகளிடம் தேடியும் அகப்படவில்லை. ஆனால் அங்கும் குரோன் நோய் இருக்கிறது. எழுத்து ஒன்றானால் வாசகம் ஏன் வேறாகிறது?

நிற்க, புகையிலை விஷயத்துக்கு வருவோம். புகைப்பவர்க்குக் குரோன் நோய் வரும் ஆபத்து சுமார் இரு மடங்கு. ஆனால் பெருங்குடல் புண் நோயாளிகளில் புகைப்பவர் குறைவு என்று 1982-இல் கார்டிப் நகர வைத்தியர்கள் எழுதினார்கள். பிறகு பலரும் அதையே கண்டார்கள். 2002-இல் இங்கிலாந்தில் ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒப்பிட்டார்கள். ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர். இருவருக்கும் குடல் நோய், வகை மட்டும் வேறு. அப்படிப்பட்ட 23 ஜோடிகளில் 21-இல் குரோன் நோய் புகைத்தவருக்கு, பெருங்குடல் புண் புகைக்காதவருக்கு! நோய்க்கு இடம் கொடுத்தது பிறப்பு; எந்த நோய் என்பதில் கைவைத்தது சிகரெட்.

புகையிலையைக் கண்டிக்கும் நம் தோழர்கள் சிலர் இந்த இரண்டாவது சங்கதியை மறைத்துவிடலாமே என்கிறார்கள். நாம் அதற்கு ஒப்பமாட்டோம். நமக்கு அனுகூலமில்லாத உண்மையை ஒளிப்பதானால் புராணக்காரரைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை ஏது? அதற்காகப் புண்ணுக்கு மருந்தென்று புகைக்கச் சொல்வது, நுரையீரலையும் இருதயத்தையும் கொடுத்துக் குடலை வாங்கும் வியாபாரம். 1994-இல் நிக்கொட்டின் ஒட்டுப் பட்டியைச் சோதித்ததில் ஓரளவே குணமிருந்தது, உபத்திரவமும் கூடவே வந்தது. நோய் அடங்கியபின் மறுபடி வராமல் தடுக்க அது உதவவில்லை.

குரோன் நோயாளியோ புகையை விட்டு ஓராண்டு கடந்தால், நோய் கிளம்புவது புகைக்காதவர் அளவுக்கே இறங்கிவிடுகிறது. கிரகதோஷம் என்று பரிகாரத்துக்குக் காசு வாங்குகிறவர், "நீ புகைக்கிறாயா அப்பா?" என்று ஒரு தரமாவது கேட்டதுண்டா?