கோமாளி என்கிற சௌகரியம்

வாயில் பைப், கையில் ஸ்வஸ்திகா பட்டை. ஜார்ஜ் லிங்கன் ராக்வெல்லின் புகைப்படத்தை முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். அமெரிக்க நாஜிக் கட்சியை 1959ல் தொடங்கிய இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அந்தச் சிரிப்போடு நின்றுவிடுகிறார்கள். 'கோமாளி', இல்லாவிட்டால் 'பைத்தியம்'. எனக்கு இப்போது இதில் சம்மதமில்லை. இது விமர்சனம் அல்ல, தப்பித்தல்.

1918ல் பிறந்தவர். தகப்பனார் மேடை நகைச்சுவை நடிகர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி. அதாவது ஹிட்லருக்கு எதிர் அணி. பிறகு ப்ராட் கலைப்பள்ளி. புற்றுநோய்ச் சங்கத்துக்காக வரைந்த விளம்பரத்துக்கு 1948ல் 1000 டாலர் பரிசு. 1955ல் ராணுவத்தினரின் மனைவிமாருக்காக ஒரு பத்திரிகை. தத்துவம், ஓவியம், பத்திரிகை: மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் சத்தியம் செய்கிற அத்தனையும் அவரிடம் இருந்தன. ஒன்றும் தடுக்கவில்லை. கற்ற வித்தை முழுவதையும் துவேஷத்துக்கு விளம்பரம் செய்யவே பயன்படுத்தினார்.

1965ல் வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஒரு ஓட்டு. ஆனால் பெயர் தேசம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆத்திரப்பட்டுக் கூடுகிற கூட்டமே இலவச விளம்பரம் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்க யூதக் கமிட்டியைச் சேர்ந்த ஃபைன்பெர்க், தொற்றுநோயைப் போல ஒதுக்கிவையுங்கள், விளம்பரம் கொடுக்காதீர்கள் என்றார். கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1966ல் வெளியான பேட்டிக்காக, பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த ராக்வெல்லிடம் நிதானமாகக் கேள்விகள் கேட்டார். ஒருவருடையது மௌனம், மற்றவருடையது கேள்வி. இருவருமே சிரித்து ஒதுக்கவில்லை.

1967 ஆகஸ்ட் 25ல் ஆர்லிங்டனில் ஒரு சலவைக்கடை வாசலில் ராக்வெல் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் பாட்லர். கட்சிப் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட். இதில் கவித்துவ நியாயம் காண்கிறவர்களும் உண்டு. அது இன்னொரு சௌகரியம். ஒரு கருத்துக்குக் கொலை பதிலாகிவிடாது.

ராக்வெல்லோடு சேர்ந்து பத்திரிகை நடத்திய வில்லியம் பியர்ஸ் பின்னர் ஒரு இனவெறி நாவல் எழுதினார். 1995ல் ஒக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்றவனின் காரில் அதன் பக்கங்கள் இருந்தன. நாவலாக அது குப்பை. குப்பை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிற விமர்சனமும் குப்பைதான்.