ஓலை வாசிக்க இசையவில்லை



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து நாம் வெளியே வந்தபோது பங்கு இல்லத் திண்ணையில் ஒரு தாய் காத்திருந்தார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று; இதை எழுத அவரது இசைவும், மகனது இசைவும் பெற்றுள்ளோம்.) "சாமி, வர்ற ஞாயிறே முதல் ஓலை வாசிச்சிருங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்றார். சரியாக வேண்டியது என்னவென்று வினவினோம். பெண்களிடம் தனக்கு நாட்டமில்லை, ஆண்களிடமே ஈர்ப்பு உண்டு என்று மகன் வீட்டில் சொல்லிவிட்டானாம். அன்று முதல் தகப்பனார் அவனோடு பேசுவதில்லை. ஒன்றாய் அமர்ந்து உண்பதுமில்லை.

ஓலை வாசிக்க நாம் இசையவில்லை. திருமணம் மருந்தன்று, அருட்சாதனம். வன்முறையாலோ பேரச்சத்தாலோ ஒருவரை இணங்கச் செய்து முடிக்கும் திருமணம் செல்லாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1103ஆம் எண்ணில் உரைக்கிறது. அதுமட்டுமா? ஒன்றும் அறியாமல் பீடத்தின் முன் நிற்கப்போகும் அந்தப் பெண்ணை யார் நினைத்தார்கள்? அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளையன்றோ?

"அப்போ என் பிள்ளை பாவியா, சாமி?" என்று அந்தத் தாய் விம்மினார்.

தன்பால் உறவுச் செயல்களைத் திருச்சபை பாவம் என்றே போதிக்கிறது; அதை நாம் மழுப்பவில்லை. கற்புநெறியில் வாழ இவர்களையும் அழைக்கிறது. ஆயினும் அந்த ஈர்ப்பு தன்னிலே பாவமன்று என்று 1986இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல் கூறுகிறது. இத்தகையோரைச் சொல்லாலோ செயலாலோ தாக்குவதையும் அதே மடல் கண்டிக்கிறது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, 2358ஆம் எண்ணில், இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும் என்றும், அநீதியான பாகுபாடு எதுவும் காட்டலாகாது என்றும் பணிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 சனவரியில் வெளியான நேர்காணலில் பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்துக் காட்டினார். பிறரிடம் அன்பு காட்டாதிருப்பதும் பாவமே என்றார்.

இந்தக் கடைசிப் பாவத்தை ஆத்தும சோதனையில் நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்க்கிறோம்? கோயில் முற்றத்தில் ஓர் இளைஞனின் நடையைக் கண்டு சிரிக்கிறோம், கேலிப்பெயர் சூட்டுகிறோம், பிறகு நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறோம். நம்மையும் விலக்கிச் சொல்லவில்லை. இளங்குருவாய் இருந்த நாளில் சோதோமைப் பற்றி இடிமுழக்கமாய்ப் பிரசங்கித்தோம். அந்நகரின் பாவங்களில் செருக்கையும், உண்டு கொழுத்தும் எளியவருக்குக் கைகொடாமையையும் எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் முதலாவதாக எண்ணுவதை அன்று வாசித்துக் காட்டினோமில்லை. நம் எதிரே அமர்ந்திருந்தோரில் எத்தனை பிள்ளைகள் தலைகுனிந்தனரோ!

தகப்பனாரை இருமுறை சென்று கண்டோம். முதன்முறை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார். இரண்டாம் முறை உள்ளே அமரச் சொன்னார். நம்மோடு அதிகம் பேசவில்லை. நாம் விடைபெற்று எழுந்தபோது, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னது நம் காதில் விழுந்தது.