பழைய பெட்டிக்குப் புதுப் பாஷை

ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் டிவி மேசைக்கடியில் பத்து வருஷமாக ஒரு நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது. மகளின் முதல் பிறந்தநாள், ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் அதில்தான். புது லேப்டாப்பின் கண்ணில் பெட்டி படவே இல்லை. பெட்டிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வுப் பாஷை மட்டும். அதன் ஓட்டை வழியே பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் உலகை ஆட்டிவைத்த 2017இலேயே விண்டோஸ் 10 அந்தப் பாஷையைத் தானாக நிறுவுவதை விட்டுவிட்டது.

"புதுசு வாங்கிடுங்க சார்" என்றார் கடைக்காரர். ஏன்? உள்ளே இருப்பது லினக்ஸ்; ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் இலவசமாகத் தந்த சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள்தான் இந்தப் பெட்டிக்கு வாய். ஊரார் உழைப்பை வைத்துப் பெட்டி விற்றவர்கள், அப்டேட்டை நிறுத்தும்போது நாமே திறந்து திருத்தச் சாவியையாவது தரவேண்டாமா?

படங்களைப் பழைய லேப்டாப் வழியே நகலெடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் என்ற தொலைக் கட்டளை வழியே பெட்டிக்குள் நுழைந்து புதிய சாம்பாவை ஏற்றினேன். முதல் தடவை சிவப்பு விளக்கு மட்டும்தான். மனைவியிடம் சொல்லவில்லை. விடிகாலை மூன்று மணிக்குப் பச்சை எரிந்தது.